திறப்பு விழாவுக்குப் பிறகு...

ஜூலை மாதம் பிறந்துவிட்டால் நாளிதழ்களின் மாவட்டச் செய்திப் பக்கங்களில் ஒரே மாதிரியான படங்கள் வரத் தொடங்கும். மேடையில் பத்துப் பதினைந்து பேர் வரிசையாக நிற்பார்கள். நடுவில் நிற்பவரின் கழுத்தில் பதவிச் சங்கிலி தொங்கும். முன்னால் ஒரு தையல் இயந்திரமும், அதை ஒரு கையால் தொட்டுக்கொண்டு எந்தக் கேமராவைப் பார்ப்பது என்று தெரியாமல் நிற்கும் ஒரு பெண்மணியும் இருப்பார்கள். ரோட்டரி சங்கப் புதிய நிர்வாகிகள் பதவியேற்பு என்றோ, அரிமா சங்கம் சார்பில் நலத்திட்ட உதவிகள் என்றோ கீழே ஒரு வரி இருக்கும். பெரும்பாலான வாசகர்கள் அதைக் கடந்து போய்விடுவார்கள்.

என்னால் அப்படிக் கடந்து போக முடிவதில்லை. அத்தகைய படங்களில் நானும் நின்றிருக்கிறேன். காவிரிப் படுகையில் உள்ள ஒரு கல்லூரியில் பொருளியல் கற்பித்த காலத்தில், மாணவர்களின் ரோட்டராக்ட் சங்கத்துக்குப் பத்தாண்டுகளுக்கு மேல் பொறுப்பாசிரியராக இருந்தேன். பிறகு ஊர் ரோட்டரி சங்கத்தில் உறுப்பினரானேன். ஓராண்டு தலைவராகவும் இருந்தேன். இந்தச் சங்கங்களைப் பற்றி இருவகைக் கருத்துகள் நிலவுகின்றன. வசதி படைத்தவர்கள் படம் எடுத்துக்கொள்வதற்காகச் செய்யும் தருமம் என்பது ஒன்று. அரசு செய்யத் தவறியதைச் செய்யும் தொண்டுள்ளங்கள் என்பது மற்றொன்று. இரண்டுமே படத்தை மட்டும் பார்த்துச் சொல்லப்படுபவை. சங்கத்தின் உண்மையான வேலை படம் எடுக்கப்படாத நாள்களில் நடக்கிறது. அதன் உண்மையான தோல்வியும் அந்த நாள்களில்தான் நேர்கிறது.

1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞரும், ஒரு நிலக்கரி வணிகரும், ஒரு சுரங்கப் பொறியாளரும், தையல் தொழில் செய்த ஒருவரும் கூடிப் பேசியதில் ரோட்டரி பிறந்தது. ஒவ்வொருவர் அலுவலகத்திலும் மாறி மாறிச் சந்தித்ததால் சுழற்சி என்ற பொருளில் அந்தப் பெயர். பெருநகரத்தில் முகம் தெரியாமல் தொழில் செய்பவர்கள் சிற்றூரின் நட்பை மீட்டெடுக்க வேண்டும் என்பதே முதல் நோக்கம். தொண்டு அதற்குப் பின் வந்தது. அவர்களின் தொடக்ககாலப் பொதுப்பணிகளில் ஒன்று, நகரில் பொதுக் கழிப்பறை கட்டவேண்டும் என்று வலியுறுத்தியது. 1917-இல் அதே சிகாகோவில் மெல்வின் ஜோன்ஸ் அரிமா சங்கங்களைத் தொடங்கினார். ரோட்டரி 1920-இல் கல்கத்தாவுக்கும் 1929-இல் சென்னைக்கும் வந்தது. அரிமா சங்கம் இந்தியாவுக்கு வந்தது 1956-இல்.

வெளியில் இருப்பவர்களுக்கு மிகவும் அலுப்பூட்டுவது சங்கத்தின் வாரக் கூட்டம். எங்கள் ஊரில் அது புதன்கிழமை மாலை ஏழரை மணி. தலைவர் ஒரு சிறிய வெண்கல மணியை அடிப்பார். தமிழ்த்தாய் வாழ்த்து, செயலாளரின் அறிவிப்புகள், பிறந்தநாள் வாழ்த்துகள், ஒரு விருந்தினரின் இருபது நிமிடப் பேச்சு, நன்றியுரை, தேசிய கீதம், அதன் பிறகு இட்லியோ இடியாப்பமோ. விருந்தினர் சில வாரம் வேளாண் அதிகாரி, சில வாரம் தீயணைப்பு நிலைய அலுவலர். பேச்சு சுவையாக அமைவது பத்துக்கு மூன்று முறை.

ஆனால், இந்த அலுப்பான ஒழுங்கில் ஒரு பொருளியல் இருக்கிறது. முன்பெல்லாம் ஓர் உறுப்பினர் ஆண்டின் கூட்டங்களில் குறிப்பிட்ட விழுக்காட்டுக்குக் கட்டாயம் வரவேண்டும். தொடர்ந்து நான்கு கூட்டங்களுக்கு வராவிட்டால் உறுப்பினர் தகுதியே போய்விடும். வெளியூர் சென்றிருந்தால் அந்த ஊர்ச் சங்கக் கூட்டத்தில் கலந்துகொண்டு ஈடுசெய்யலாம். பொதுநன்மைக்கான வேலையில் ஒவ்வொருவரும் அடுத்தவர் செய்யட்டும் என்று ஒதுங்குவது இயல்பு என்று மான்கர் ஓல்சன் 1965-இல் விளக்கினார். அந்த ஒதுங்கலுக்கு எதிராக இந்தச் சங்கங்கள் கண்டுபிடித்த எளிய கருவி வருகைப் பதிவேடு.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது இதன் பொருள் எனக்குப் புரிந்தது. மின்கம்பங்கள் சாய்ந்துவிட்டன. மேல்நிலைத் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஏற்ற மின்சாரம் இல்லை. எங்கள் உறுப்பினர் ஒருவரின் அரிசி ஆலையில் ஜெனரேட்டர் இருந்தது. அதை இழுக்க டிராக்டர் இன்னொருவரிடம் இருந்தது. பெட்ரோல் பங்க் வைத்திருப்பவர் டீசலைக் கடனாகக் கொடுத்தார். எந்த மோட்டாரில் எப்படி இணைப்பது என்று காட்டிய பொறியாளர் சில மாதங்களுக்கு முன் எங்கள் கூட்டத்தில் பேசிவிட்டுப் போனவர். அன்று யாரும் யாரிடமும் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ளவில்லை, எழுத்தில் எதுவும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் ஜெனரேட்டர் தெருத்தெருவாகச் சென்றது. பொருளியலில் பரிவர்த்தனைச் செலவு என்ற சொல் உண்டு. ஒருவரைத் தேடுவது, நம்புவது, பேரம் பேசுவது, உறுதி பெறுவது ஆகியவற்றுக்கு ஆகும் செலவு அது. அந்தச் செலவை நாங்கள் புதன்கிழமைதோறும் சிறுகச் சிறுக முன்கூட்டியே செலுத்தி வந்திருக்கிறோம்.

இந்த நட்பு வட்டத்துக்குள் எல்லாரும் வந்துவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அமெரிக்க உச்சநீதிமன்றத்தின் 1987-ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பிறகு, 1989-இல்தான் உலகெங்கும் பெண்களை உறுப்பினராக்க ரோட்டரியின் விதி திருத்தப்பட்டது. எங்கள் ஊரில் முதல் பெண் உறுப்பினர் சேர மேலும் பல ஆண்டுகள் ஆயின. கூட்டம் நடக்கும் ஓட்டல், ஆண்டுச் சந்தா, பாதி ஆங்கிலத்தில் நடக்கும் நடைமுறை இவையெல்லாம் ஊரின் சில தெருக்களை இன்றுவரை வாசலுக்கு வெளியிலேயே நிறுத்திவைத்திருக்கின்றன. அந்தத் தெருக்களுக்கு நாங்கள் பயனாளிகளைத் தேடி மட்டுமே போயிருக்கிறோம்.

இனி, பணிகளைப் பார்க்கலாம். எது நிலைத்தது, எது நிலைக்கவில்லை என்று பார்த்தால் ஒரு வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது.

போலியோ ஒழிப்பை முதலில் சொல்வேன். ரோட்டரி 1985-இல் அதற்கான உலகத் திட்டத்தைத் தொடங்கியது. 1988-இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்த கூட்டு முயற்சி உருவாயிற்று. இந்தியா முழுவதும் ஒரே நாளில் சொட்டு மருந்து கொடுக்கும் முறை 1995 டிசம்பரில் தொடங்கியபோது, நானும் என் மாணவர்களும் பேருந்து நிலையத்து மேசை ஒன்றில் காலை ஏழு மணிமுதல் அமர்ந்திருந்தோம். மருந்தும் செவிலியரும் அரசுடையவை. மேசை, பந்தல், ஒலிபெருக்கி, தேநீர், இறங்கிவரும் பயணிகளில் கைக்குழந்தையோடு வருபவரைக் கண்டு அழைப்பது ஆகியவை எங்களுடையவை. மருந்து பெற்ற குழந்தையின் விரலில் மை வைப்பது மாணவர்களுக்கு மிகவும் பிடித்த வேலை. இப்படிப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் நாடெங்கும் நடந்தது. 2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் கண்டறியப்பட்டதே கடைசி நோயாளி. 2014 மார்ச் 27 அன்று போலியோ இல்லாத நாடு என்ற சான்று கிடைத்தது.

கண் சிகிச்சை முகாம்களும் இதே வகை. 1976-இல் மருத்துவர் ஜி.வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, ஊர்தோறும் உள்ள சேவை சங்கங்களைத் துணைக்கு வைத்துக்கொண்டே தன் முகாம்களை விரித்தது. இடமும் விளம்பரமும் உணவும் சங்கத்தின் பொறுப்பு; பரிசோதனையும் அறுவை சிகிச்சையும் மருத்துவமனையின் பொறுப்பு. யாருக்கு எது எளிதோ அதை அவர் செய்வது என்ற ரிக்கார்டோவின் பழைய பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் வகுப்பில் சொன்னதில்லை.

அதிலும் ஒரு திருத்தம் தேவைப்பட்டது. கண் கோளாறு உள்ளவர்களில் முகாமுக்கு வருபவர் நூற்றுக்கு ஏழு பேர் அளவில்தான் என்று தமிழகக் கிராமங்களில் நடந்த ஓர் ஆய்வு 1999-இல் காட்டியது. சிகிச்சை இலவசம்தான். ஆனால், ஒருநாள் கூலி இழப்பு, பேருந்துக் கட்டணம், கூட வர ஆளில்லாமை, பயம் ஆகியவை இலவசம் ஆகிவிடுவதில்லை. அதற்குப் பிறகு நாங்கள் முகாமுக்கு முந்தைய சனிக்கிழமை மாணவர்களை வீடுவீடாக அனுப்பத் தொடங்கினோம். ஒரு மூதாட்டி வர மறுத்தார். ஒரு மணி நேரம் பேசிய பிறகுதான் காரணம் தெரிந்தது: மூன்று நாள் ஊரில் இல்லாவிட்டால் அவருடைய இரண்டு ஆடுகளை யார் பார்ப்பது? எங்கள் மாணவன் ஒருவன் பக்கத்து வீட்டில் பேசி, தினமும் தழை கொண்டுவந்து போடுவதாகவும் ஒப்புக்கொண்டான். போட்டான். மூதாட்டியின் கண் திறந்தது. அந்த ஆண்டு அறிக்கையில் இதை எழுதத் தலைப்பே இல்லை.

இனி, என் ஆண்டுக்கு வருகிறேன். ரோட்டரியின் ஆண்டு ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடியும். தலைவருக்கு அந்தப் பன்னிரண்டு மாதங்கள்தான். அதிகாரம் ஒருவரிடம் தேங்காமல் இருக்க இது நல்ல விதி. ஆனால், அது ஓர் ஊக்கத்தையும் உண்டாக்குகிறது. ஜூனுக்குள் கண்ணுக்குத் தெரியும் ஒன்றைச் செய்துவிட வேண்டும். நான் ஓர் அரசுப் பள்ளிக்குக் குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் கொடுத்தேன். செலவு 1.4 லட்சம் ரூபாய். முதன்மை விருந்தினர் ரிப்பன் வெட்டினார். இயந்திரத்துக்கு மேல் பளிங்குக் கல்லில் என் பெயர் பொறிக்கப்பட்டது. முனைவர் என்ற பட்டத்துடன்.

மூன்று ஆண்டுகள் கழித்து அந்தப் பள்ளியின் ஆண்டுவிழாவுக்குப் பேசப் போனேன். இயந்திரத்தின் மேல் துடைப்பங்களும் தேர்தல் வாக்குச்சாவடி அட்டைகளும் கிடந்தன. குழாய் வறண்டிருந்தது. பிள்ளைகள் வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்திருந்தார்கள். தலைமையாசிரியை மிகுந்த மரியாதையுடன்தான் சொன்னார்: "சார், இங்கே தண்ணீர் உவர்ப்பு. ஃபில்டர் சீக்கிரம் அடைத்துக்கொள்கிறது. மெம்பரேன் மாற்ற வேண்டுமாம். பள்ளிக்கு வரும் பணம் சுண்ணாம்பு அடிக்கவே போதவில்லை. உங்கள் சங்கத்துக்கு இரண்டு கடிதம் எழுதினேன்."

கடிதங்கள் வந்திருந்தன. எனக்குப் பின் வந்த தலைவர்களின் கோப்பில் அவை இருந்தன. விசாரித்தபோது ஒருவர் சொன்ன பதில் எளிமையானது: அது முந்தைய தலைவரின் திட்டம்தானே? அவரைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. எனக்கு முந்தையவர் கட்டிய பேருந்து நிழற்குடையை நானும் என் ஆண்டில் ஒருமுறைகூடப் போய்ப் பார்க்கவில்லை. முப்பது ஆண்டுகள் தேய்மானம் என்ற பாடத்தைக் கரும்பலகையில் எழுதியவன், தன் வரவு செலவுத் திட்டத்தில் அதற்கு ஒரு வரி எழுதவில்லை. ஆண்டுக்குப் பதினைந்தாயிரம் ரூபாய் பராமரிப்புக்கு ஆகும் என்று விற்பனையாளரே சொல்லியிருந்தார். அதே தொகையில் சிறிய இயந்திரம் ஒன்றை வாங்கி, மீதியைப் பராமரிப்புக்கென வங்கியில் போட்டிருந்தால் அது ஐந்தாண்டு ஓடியிருக்கும். ஆனால், வங்கி வைப்புத்தொகைக்கு ரிப்பன் வெட்ட யார் வருவார்கள்?

2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிடவேண்டும் என்றது. அந்தப் பணத்தில் ஒரு பகுதி சங்கங்கள் வழியாகவும் வருகிறது. நல்லதுதான். ஆனால், இப்போது ஜூன் 30 அவசரத்தோடு மார்ச் 31 அவசரமும் சேர்ந்துகொண்டது.

இரத்ததான முகாம்களிலும் நாள்காட்டியின் இந்தக் கொடுமை உண்டு. சுதந்திர தினம், அக்டோபர் 1 தன்னார்வ இரத்ததான நாள், தலைவர்களின் பிறந்தநாள் என்று முகாம்கள் ஒரே சமயத்தில் குவிகின்றன. சிவப்பணுக்களை 35 முதல் 42 நாள் வரைதான் பாதுகாக்க முடியும். தட்டணுக்களை 5 நாள்தான். கல்லூரிகள் மூடியிருக்கும் ஏப்ரல், மே மாதங்களில் இரத்த வங்கிகள் கொடையாளரைத் தேடுகின்றன. ஓர் ஆண் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் ஒரு பெண் நான்கு மாதத்துக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். ஆகவே தேவைப்படுவது ஒரு குறிப்பேடு: பெயர், இரத்த வகை, கடைசியாகக் கொடுத்த நாள், தொலைபேசி எண். எங்கள் ரோட்டராக்ட் மாணவர்கள் அத்தகைய குறிப்பேடு ஒன்றை நீளமான கணக்கு நோட்டில் எழுதி வைத்திருந்தார்கள். விடுமுறையில் அது யார் வீட்டில் இருக்கவேண்டும் என்பதற்குச் சண்டையே நடக்கும். முகாம் நடத்திப் பெற்றதைவிட அந்த நோட்டு கொடுத்த பயன் பெரிது என்பது என் கருத்து.

இந்த மாணவர்களைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன். பள்ளி வயதினருக்கான இன்டராக்ட் 1962-இலும், இளைஞர்களுக்கான ரோட்டராக்ட் 1968-இலும் தொடங்கப்பட்டவை. இவை தவிர சில நாள்கள் நடக்கும் தலைமைப் பண்புப் பயிற்சி முகாம்களும் உண்டு. அவற்றில் உரைகள் அதிகம், கற்றல் குறைவு. நம் கல்லூரிகளில் 1969 முதல் நாட்டு நலப்பணித் திட்டம் இருக்கும்போது இவை எதற்கு என்று கேட்கலாம். நாட்டு நலப்பணித் திட்டம் ஈராண்டில் 240 மணி நேரப் பணியைக் கேட்கிறது, சான்றிதழ் தருகிறது, நிகழ்ச்சிகளை ஆசிரியர் வகுத்துத் தருவார். ரோட்டராக்ட் சங்கத்தில் மாணவர்களே தலைவர், செயலாளர், பொருளாளரைத் தேர்ந்தெடுத்து, சந்தா வசூலித்து, தீர்மானம் எழுதி, தோற்றும் போகிறார்கள். பத்தொன்பது வயதில் ஒரு கூட்டத்தை நேரத்துக்கு முடிக்கக் கற்றவர் என் துறையில் அதிகம் இல்லை. பேராசிரியர்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஓர் ஆண்டு பொருளாளராக இருந்த மாணவி, இருப்பில் நாற்பது ரூபாய் குறைகிறது என்று மாலை ஆறு மணிவரை துறை அறையில் உட்கார்ந்துவிட்டார். அவர் கிராமத்துக்குக் கடைசிப் பேருந்து ஆறரைக்கு. நானே நாற்பது ரூபாயை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "அப்ப கணக்கு சரியாகாது சார், ரூபாய்தான் சரியாகும்" என்றார். தாம்பாளத்தில் வைத்துக்கொடுத்த வெற்றிலை பாக்குக்கான சீட்டு ஒரு பையில் ஒட்டிக்கொண்டிருந்தது பிறகு கிடைத்தது.

இப்படிப்பட்டவர்களைப் பெரியவர்களின் சங்கங்கள் எப்படி நடத்துகின்றன? பேரணியில் பதாகை பிடிக்க ஆள் வேண்டும்போது அழைக்கிறோம். முதன்மை விருந்தினர் வரத் தாமதமானால் வெயிலில் நிற்கவைக்கிறோம். படம் எடுத்ததும் பிஸ்கட் பொட்டலம் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். அவர்கள் படிப்பு முடிந்து ஊரிலேயே தொழில் தொடங்கினாலும், எத்தனை பேரை எங்களோடு உட்காரவைத்திருக்கிறோம் என்று எண்ணிப்பார்த்தால் ஒரு கை விரல்களே மிஞ்சும். எங்கள் சங்கத்தில் பாதிப்பேர் அறுபதைக் கடந்தவர்கள். அமெரிக்காவில் மக்கள் சங்கங்களிலிருந்து விலகித் தனித்துப்போவதைப் பற்றி ராபர்ட் புட்னம் 2000-இல் பெரிய நூலே எழுதினார். அங்கே நடந்தது இங்கே நடக்காது என்று வகுப்பில் சொல்லிவந்தேன். எங்கள் வருகைப் பதிவேட்டைப் பார்த்த பிறகு அதைச் சொல்வதில்லை.

கடந்த மே மாதம் நிர்வாகக் குழுவில் ஒரு முன்மொழிவு வந்தது. வாரக் கூட்டத்தை மாதம் இரண்டாகக் குறைக்கலாம் என்பது. 2016-இலிருந்து விதியும் அதற்கு இடம் தருகிறது. இளைஞர்களுக்கு நேரமில்லை என்றார்கள். நான் எதிர்த்துப் பேசினேன். இளைஞர்களுக்குச் சுமையாக இருப்பது கூட்டம் அன்று. ஓட்டல் உணவுக் கட்டணமும், ஒன்றரை மணி நேரத்தில் முக்கால் மணியை விழுங்கும் பொன்னாடைகளும். ஓட்டலை விட்டுப் பள்ளிக்கூட வகுப்பறைக்கு வாருங்கள், தேநீர் போதும், நாற்பது நிமிடத்தில் முடியுங்கள், ஆனால் வாரம் தவறாதீர்கள் என்றேன். வாக்கெடுப்பில் ஒரு வாக்கு வித்தியாசத்தில் ஓராண்டுச் சோதனைக்கு ஒப்புக்கொண்டார்கள்.

இந்த ஜூலையில் தலைவராகப் பொறுப்பேற்றிருப்பவர் அந்த நாற்பது ரூபாய் மாணவிதான். இப்போது ஊரில் பட்டயக் கணக்காளர். பதவியேற்புக்கு என்னைப் பேச அழைத்தார். பேச்சு வேண்டாம், வேறொன்று செய்யலாமா என்று கேட்டேன். தன் முதல் வரவு செலவுத் திட்டத்தில் "முந்தைய ஆண்டுகளின் பணிகள் - பராமரிப்பு" என்று ஒரு தலைப்பு போட்டு, மொத்தத்தில் நான்கில் ஒரு பங்கை அதற்கு ஒதுக்கினார். இரண்டு முன்னாள் தலைவர்கள் முகம் சுளித்தார்கள். எங்கள் சங்கம் இருபது ஆண்டுகளில் எங்கெங்கே கல்வெட்டு வைத்தது என்ற பட்டியல் எங்களிடமே இல்லை. நாலைந்து ரோட்டராக்ட் மாணவர்களும் நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் நோட்டும் கையுமாகப் போய்ப் பார்த்து எழுதி வருகிறோம்.

முதலில் போனது அந்தப் பள்ளிக்கு. தலைமையாசிரியை மாறிவிட்டார். மெம்பரேனும் மோட்டாரும் மாற்றினால் இயந்திரம் ஓடும் என்று பழுது பார்ப்பவர் சொல்லியிருக்கிறார். மாதம் ஒருமுறை தண்ணீரின் உவர்ப்பை அளந்து எழுதும் வேலையைப் பள்ளியின் இன்டராக்ட் பிள்ளைகள் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். வரும் ஞாயிறு பேருந்து நிழற்குடை. அதன் கல்வெட்டில் எந்த ஆண்டுத் தலைவரின் பெயர் இருக்கிறது என்பது இப்போதைக்குத் தெரியாது. சுவரொட்டிகளைச் சுரண்டி எடுக்க ஒரு மாணவன் கரண்டி கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறான்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).